பூட்டும் லோடரும்

எங்கள் ஊரில் கலியாணம் சொல்லப் போனால் வாசலில் நின்று சொல்லிவிட்டு வர விடமாட்டார்கள். கதிரையில் இருத்துவார்கள். தேத்தண்ணி வரும். மாப்பிள்ளை யார், என்ன தொழில், யாருடைய பேரன் என்று கேள்வி வரும். எனக்கோ நாலு பேர் பார்த்தால் வாயில் ஒரு வசனம் முழுசாக வராது. வாத்தியார் எழும்பி வாசிக்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்திலேயே ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீனுக்கு ஐஸ் அரைக்கும் வேலை. ஐஸ் கேள்வி கேட்காது.

அதனால் மூத்த மகளுக்குக் கலியாணம் பொருந்தியபோது நான் கேட்டது ஒன்றைத்தான்: அழைப்புக் காட் அடிக்க வேண்டும். காட் இருந்தால் ஸலாம் சொல்லி, கையில் கொடுத்து, சைக்கிளைத் திருப்பிவிடலாம்.

நாட்டில் சண்டை முடிந்து கொஞ்ச நாள். என் மச்சான், மனைவியின் தம்பி, ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் கம்பியூட்டர் வேலை பார்த்தார். சுனாமியில் கடல் வந்து போன பிறகு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய கம்பியூட்டர் ஒன்றைத் திருத்தி எங்கள் வீட்டில் வைத்திருந்தார். அதற்குள் விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று என்று இரண்டைக் குடிவைத்திருந்தார். திறந்தவுடன் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் மேலும் கீழுமாக வந்து நிற்கும். எது வேண்டுமோ அதற்கு அம்புக்குறியை நகர்த்தி அழுத்த வேண்டும். எனக்கு அந்தத் திரையை மிகவும் பிடிக்கும். வாய் திறக்காமல் பதில் சொல்லலாம்.

காட்டை அவர் லினக்ஸ் பக்கத்தில் அழகாகச் செய்து வைத்தார். பிறகு விண்டோஸில் வைரஸ் என்று அதை மட்டும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் மகள் திறந்தால் கறுப்புத் திரையைக் காணவில்லை. நேரே விண்டோஸ் வந்தது. லினக்ஸையும் காணோம், காட்டையும் காணோம்.

"காட் போனாப் போகுது. நீங்க ஊடு ஊடாப் போய் வாயால சொல்லுங்க" என்றாள் மனைவி.

கடற்கரை ஐஸ் வாடியில் நிற்கும்போது மச்சான் போன் எடுத்துப் பேசினார். பக்கத்தில் அரைக்கும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான், காட் பத்திரமா உள்ளுக்குத்தான் கிடக்கு. உள்ளுக்குப் போகத்தான் வழியில்ல."

"ஓம்."

"பூட் லோடர் போயிட்டு. பூட் லோடர் போட்டாச் செரி. நாளைக்குப் பின்னேரம் வாறன். விளங்கிச்சா?"

"ஓம் ஓம்" என்றேன். திருப்பிக் கேட்க வெட்கம்.

எனக்கு விளங்கியது இதுதான்: பூட்டு. லோடர். வழியில்லை. எங்கள் கேட்டுக்கு முன்னால் அப்போது வடிகான் வெட்டிய மண் மலைபோல் குவிந்து கிடந்தது. போன முறை மச்சான் அதன்மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றி விழப் பார்த்தவர். கேட் பூட்டோ உப்புத்தண்ணியில் துருப்பிடித்து, திறப்பு போட்டால் திரும்பாது. லோடர் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடல் அள்ளிப்போட்ட குப்பையை எல்லாம் தள்ளியது முன்னால் பெரிய வாளி வைத்த அந்த மஞ்சள் மெசின்தான். அப்படியானால் மச்சான் காட் அடிக்கும் பெரிய மெசின் எதையோ வேனில் கொண்டுவருகிறார், நான் வழி எடுத்துவைக்க வேண்டும்.

மறுநாள் பூட்டுப் புதிது வாங்கினேன். பிரதான வீதியில் வேலை செய்துகொண்டிருந்த லோடருக்குக் கீழே போய் நின்றேன். ஓட்டுபவர் சொறிக்கல்முனைக்காரர். எட்டிப் பார்த்து அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"என்ன காக்கா?"

"கலியாணம். மண். காட்" என்றேன்.

எப்படியோ அவருக்கு விளங்கிவிட்டது. பின்னேரம் லோடர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது.

"அல்லாஹ்வே, என்னத்த இடிக்கப் போறீங்க?" என்று மனைவி முற்றத்தில் இருந்து ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள்.

"என்னகா, மாப்புள வர முந்தியே உன்ட மனிசன் பின்வளவுல அத்திவாரம் வெட்டப் போறாரா? அவ்வளவு அவசரமா?"

தெருவே கூடிவிட்டது. ஒவ்வொருவரும் வந்து "லோடர் என்னத்துக்கு?" என்று கேட்டார்கள். இஞ்சின் இரைச்சலில் கத்தித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நீட்டிச் சொல்ல எனக்கு வராது. "மகளுக்குக் கலியாணம்! வாங்க!" என்று கத்தினேன். அடுத்தவருக்கும் அதையே கத்தினேன். பள்ளிவாசல் பக்கம் போனவர்களும் திரும்பி வந்து கேட்டார்கள். அவர்களுக்கும் கத்தினேன்.

மண் தட்டையானபோது மச்சான் வந்து சேர்ந்தார். வேனும் இல்லை, மெசினும் இல்லை. சட்டைப்பையில் ஒரு டிஸ்க் மட்டும்.

"மச்சான், இது என்ன?" என்று அந்த மஞ்சள் மெசினைக் காட்டிக் கேட்டார்.

"லோடர்."

"அது தெரியுது. என்னத்துக்கு?"

"நீங்கதானே போடச் சொன்ன. பூட்டும் வாங்கிட்டன்." திறப்போடு தூக்கிக் காட்டினேன்.

மச்சான் பூட்டைப் பார்த்தார், லோடரைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மண்ணில் குந்திவிட்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். ஹெல்மெட்டுக்குள் இருந்து சிரிப்பு வந்தது.

விசயம் தெரிந்ததும் லோடர்காரர் கீழே இறங்கினார். "தம்பி, உங்கட லோடர் எங்க?"

மச்சான் டிஸ்க்கைக் காட்டினார்.

"இவ்வளவுதானா? டீசல் எவ்வளவு குடிக்கும்?"

மச்சானுக்கு மறுபடி சிரிப்பு. அது அடங்கிய பிறகுதான் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். டிஸ்க்கைப் போட்டு, ஏதோ சில வரிகள் தட்டி, அணைத்துத் திறந்தார். கறுப்புத் திரை. மேலும் கீழுமாக இரண்டு பெயர். அந்தத் திரைக்குத்தான் பூட் லோடர் என்று பெயராம். லோடர்காரரும் மாமியும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். நான் அம்புக்குறியை நகர்த்தி அழுத்தினேன். காட் வந்தது.

அடித்த காட்டுகளோடு சைக்கிளில் புறப்பட்டேன். முதல் வீட்டில் ஸலாம் சொல்லி நீட்டினேன்.

"காட் என்னத்துக்கு? நீங்கதான் லோடர் வெச்சுச் சொல்லிட்டீங்களே" என்று அந்த வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். அந்தப் பூட்டுக் கதையச் சொல்லுங்க."

கதிரை வந்தது. அடுத்த வீட்டிலும் வந்தது. மாப்பிள்ளையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. முதல் வீட்டில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். கடைசி வீட்டுக்குப் போனபோது, டீசல் கதைக்கு முன்னால் தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்து நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.