அடியில் செருகிய நீலத்தாள்

நீலக் கார்பன் தாளை இந்தக் காலத்தில் யாரும் பாவிப்பதில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது. பழைய பிஸ்கட் டின்னுக்குள் மடங்காமல் வைத்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஒரு காலத்தில் அதன் மேல் அழுத்தி எழுதிய வரிகள் கீறல் கீறலாகத் தெரியும். நான்கே வரிகள். நான்காவது வரியில் ஓர் ஆணின் பெயர், வயது, வீட்டுத் தலைவருக்கு என்ன முறை என்ற இடத்தில் ‘கணவன்’. இந்தக் குப்பையை எதற்குக் கட்டிக் காக்கிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். அது குப்பையாகவே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து ஆபிஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் என்ற தலைக்கனம் வேறு. வேலைக்குச் சேர்ந்த அன்று பெரிய கிளாக்கர் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. ‘நகல் இல்லாம ஒரு வரி எழுதாத தம்பி. நாளைக்கு ஒருத்தன் இல்லன்னு சொன்னா நம்ம கழுத்துக்குத்தான் கத்தி.’ அன்றிலிருந்து எதை எழுதினாலும் அடியில் ஒரு கார்பனும் வெள்ளைத்தாளும் செருகாமல் என் கை ஓடாது. பெண் பார்க்கப் போன வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்குக்கூட நகல் எடுத்தவன் நான். சிரிக்காதீர்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆன நேரம். எங்கள் ஆட்களுக்குச் சுதந்திரத்தின் பின்னாலேயே பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. ஓட்டுப் போனது. இங்கே பிறந்தவனிடம் அதற்குக் கடதாசி கேட்டார்கள். இந்தியாவுக்குப் போனவன் திரும்பி வர அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். கையில் தாளோடு யார் வந்தாலும் லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் குடிசன மதிப்பு வந்தது. தோட்டத்து ஆட்களை எண்ணும் வேலையைத் தோட்டத்து ஆபிஸ்காரர்களிடமே கொடுத்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு வந்தவர்களின் பேரைப் பதிகிறவனே பிறகு வாசலில் வந்து நின்று, ‘உள்ளதைச் சொல்லுங்க, யாருக்கும் தெரியாது’ என்றால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஹட்டனில் எங்களுக்கு ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த கனவான் நல்ல மனிதர். இந்தத் தாளில் உள்ளதைப் பொலிசுக்கோ தோட்டத்துத் துரைக்கோ காட்டக்கூடாது, காட்டினால் தண்டனை, எண்ணிக்கைதான் வெளியே வரும், பேர் வராது என்று மூன்று தடவை சொன்னார். நகல் எடுக்காதே என்று மட்டும் சொல்லவில்லை. அப்படியும் ஒரு மடையன் இருப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில் அந்த அக்கா இருந்தார். என் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர். நான் ஆபிசுக்குப் போன பிறகும் என்னைத் தம்பி என்றே கூப்பிட்டவர். அவருடைய வீட்டுக்காரர் தாயின் சாவுக்குத் திருச்சிப் பக்கம் போனார். திரும்பிவர அனுமதி கிடைக்கவில்லை. ஆபிஸ் பதிவேட்டில் அவர் பேரை வெட்டியது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடிசன மதிப்புப் புத்தகத்தோடு அக்காவின் காம்பராவில் போய் உட்கார்ந்தேன்.

‘நானும் ரெண்டு புள்ளைகளுந்தான் தம்பி. மூணு பேரு. எழுதிக்குங்க’ என்றார்.

அடுப்படியில் நான்கு கோப்பைத் தேத்தண்ணி ஆவி பறக்க இருந்தது. எனக்கென்று அப்போதுதான் இன்னொரு கோப்பையைக் கழுவினார். என் கண் போன இடத்தை அவரும் கண்டுவிட்டார்.

‘காலையில பேரு வெட்டுறதும் நீங்க. இப்ப யாருக்கும் சொல்ல மாட்டேங்குறதும் நீங்க. எந்தத் தம்பிய நான் நம்புறது?’

மூன்று என்று எழுதிவிட்டு எழுந்திருக்கலாம். ஒரு தலை குறைந்தால் நாடு கவிழ்ந்தா போகும்? ஆனால் எனக்கு ரோசம் வந்துவிட்டது. சட்டம் சொன்னேன், கொழும்புக் கனவானைச் சொன்னேன், மறைத்தால் குற்றம் என்று பயமும் காட்டினேன். அவர் எதற்கும் மசியவில்லை. கடைசியில் ஒரு தகர மூடியில் சூடத்தைக் கொளுத்தி மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார். ‘அணைச்சுச் சொல்லுங்க’ என்றார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, ‘என் வாயால ஒரு சொல்லு வெளிய போகாதுக்கா’ என்று சத்தியம் செய்தேன். அதன் பிறகுதான் சாக்குத் திரைப் பக்கம் திரும்பி, ‘வாங்க, நம்ம தம்பிதான்’ என்றார். தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, நடந்தும் லொறியிலும் வந்து சேர்ந்த மனிதர் வெளியே வந்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

பழைய கார்பன் மங்கிப்போயிருந்ததால் புதுத் தாள் ஒன்றை எடுத்துச் செருகினேன். சூடம் அணைத்த கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கையால்தான் செருகினேன்.

நான் எண்ண வேண்டியிருந்த கடைசி வீடும் அதுதான். எல்லாம் முடித்து, மூலப் புத்தகத்தை அரக்கு முத்திரை வைத்து நானே ஹட்டனில் ஒப்படைத்தேன். நகல்கள் என் மேசை லாச்சிக்குள் இருந்தன. கூட்டல் சரிபார்த்துவிட்டு எரிக்கலாம் என்று நினைத்தேன். கொழுந்து மும்முரமான காலம், மறந்தே போனேன்.

சில வாரத்தில் ஒரு காலை பொலிஸ் ஜீப் வந்தது. நான் அப்போது தேயிலை ஸ்டோரில் இருந்தேன். வந்தவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லையாம். நேரே மேல் லயத்துக் கடைசிக் காம்பராவுக்குப் போனார்களாம். அந்த மனிதரைக் கொண்டுபோய்த் தலைமன்னாரில் கப்பலேற்றிவிட்டார்கள். எவன் சொன்னான்? எனக்கு முதலில் கொழும்பின் மேல்தான் சந்தேகம். வகுப்பில் ஒன்று, வேலையில் ஒன்று என்று அந்தக் கனவானை மனதுக்குள் ஏசித் தீர்த்தேன். பிறகு பக்கத்துக் காம்பராக்காரி, பிறகு கங்காணி. ஒரு கிழமை முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து அலுத்தேன். அப்புறம் துரையின் மேசையிலிருந்து கோவையில் போடும்படி ஒரு கட்டுத் தாள் வந்தது. மேலே இருந்த தாளில் எழுத்து நீலமாக இருந்தது. அது என் கையெழுத்து.

பெரிய கிளாக்கரிடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. ‘தோட்டத்துத் தாளு, தோட்டத்துக் கார்பனு, ஒன் லாச்சியில கெடந்துச்சு. தோட்டத்து நகலுன்னு நெனச்சேன். பதியாத ஆளு லயத்துல யாரு இருக்கான்னு தொரை கேட்டாரு, குடுத்தேன்.’ கொஞ்சம் நிறுத்தி, ‘அதுக்குப் போய் ஏன் தம்பி நகல் எடுத்த?’ என்றார். அவர் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. கொழும்பு வாக்குத் தவறவில்லை என்பது மட்டும் நிச்சயம். மிச்ச நகல்களை அன்றே எரித்தேன்; அந்த நான்கு வரி பதிந்த கார்பனை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

அக்காவிடம் போய் ஒப்புக்கொண்டேன். கார்பன் என்றால் என்ன என்றே அவருக்கு முதலில் விளக்க வேண்டியிருந்தது. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டார். ‘அப்ப நீங்க சத்தியத்த மீறல. தாளுதான் சொல்லிருச்சு. இல்லீங்களாய்யா?’ அன்றைக்கு அய்யாவானவன், அதற்குப் பிறகு தம்பி ஆகவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, பிள்ளைகளோடு புருஷனிடமே போய்ச் சேர விண்ணப்பம் எழுத ஆபிசுக்கு வந்தார். எழுதி முடித்துப் பெருவிரல் அடையாளம் வைக்கச் சொன்னேன். ‘இது எத்தன தாளுங்கய்யா?’ என்றார். ‘ஒன்னுதான் அக்கா.’ அவர் விரலால் தாளின் ஓரத்தைத் தூக்கி, அடியில் மேசைப் பலகை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மையைத் தொட்டார். எனக்கு மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

போன மாதம் குடிசன மதிப்புக்கு ஒரு பிள்ளை வந்தாள். எங்கள் ஆட்களின் பிள்ளைதான், கொட்டகலைப் பக்கம். கையில் கண்ணாடிப் பலகை போல ஒரு கருவி. பழக்க தோஷம், என் விரல் அதன் ஓரத்துக்குப் போனது. தூக்கிப் பார்க்க அடியில் தாளே இல்லை.

‘பயப்படாதீங்க தாத்தா, இது யாருக்கும் போகாது. சத்தியமா’ என்று சிரித்தாள். அவள் பொய் சொல்லவில்லை. நானும் அன்றைக்குப் பொய் சொல்லவில்லையே.

டின்னைத் திறந்து கார்பன் தாளை அவளிடம் கொடுத்தேன். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். முதல் வரி, இரண்டாம் வரி என்று முணுமுணுத்தாள். நான்காவது வரிக்கு வந்ததும் பெயரை வாசிக்க வாய் திறந்தாள்.

‘சத்தமா வாசிக்காத, மகள்’ என்றேன்.