முட்டைக்கோஸ் சட்டம்

எழுபதுகளில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. தோட்ட நிலம் தேயிலைக்கு மட்டுமே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் காய்கறி பயிரிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற, தோட்ட மேலாளர் துரையின் புதுச் சட்டத்தைக் காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையாக நிற்க, கம்பீரமாக வாசித்தேன்.

லயத்துக்குப் பின்னால் நாலு செடி வைத்திருந்த, கொழுந்து பறிக்கும் மாரியாயி கேட்டாள்: “தொரை பங்களாவுக்குப் பின்னால வெளையிற முட்டக்கோசு வாராவாரம் லோரியில பிரிஞ்சாங் சந்தைக்குப் போவுதே, அது தேயிலையா கிராணியாரே? ஒங்க வூட்டுக்குக்கூட ரெண்டு வந்துச்சாம் லா!”

கூட்டம் சிரித்தது. முந்தின நாள் என் வீட்டில் முட்டைக்கோஸ் பொரியல்தான்.

“அவ செடியெல்லாம் பிடுங்கிப் போடு, கிராணி!” என்றார் என் பக்கத்தில் நின்ற துரை.

“பங்களாவுலேர்ந்து ஆரம்பிக்கட்டுங்களா, தொரை?” என்றேன்.

அன்றே என் வேலை போனது. ஆனால் ஒருவரும் கொழுந்து பறிக்க மலையேறாததால், மாரியாயியின் செடிகள் தப்பின.

பேராசை சட்டம் எழுதினால், அதை வாசிக்க ஒரு வாய் வாடகைக்கு வேண்டும். என் வாய் அன்றிலிருந்து வாடகைக்கு இல்லை.