கையெழுத்து இங்கே, சட்டம் எல்லைக்கு அப்பால்

போன வெள்ளிக்கிழமை ஒரு போன் வந்தது. பேசி முடித்து அரை மணி நேரம் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

என் நண்பன் சிவம் அமெரிக்காவில் கடை நடத்தியவன். சாவதற்கு முன், சொத்தை இன்னொருவர் பொறுப்பில் விடும் ஒரு ட்ரஸ்ட் பத்திரம் எழுதினான். கடைக் கட்டடத்தில் வரும் வருமானம் மனைவி ரஞ்சிக்கு. ரஞ்சியின் காலத்துக்குப் பிறகு கட்டடம் பிள்ளைகளுக்கு. அதைப் பார்த்துக்கொள்ளும் ட்ரஸ்டியாக என் பெயர்.

"சும்மா பேருக்குத்தான் மச்சான்" என்றான். "ஓம்" என்று கையெழுத்துப் போட்டேன். நம்மாட்கள் அப்படித்தானே? கலியாண எழுத்துக்குச் சாட்சி, வீட்டுக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து... 'இல்லை' என்று வாயில் வருமா?

போன மாதம் அந்தக் கட்டடம் விலைப்பட்டது. ரஞ்சி இப்போது இங்கே ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில், ஒன்பதாம் மாடியில். லிஃப்ட் அடிக்கடி மக்கர். முழங்காலோ அதைவிட மோசம். "விற்ற காசில் பிக்கரிங்கில் வீடு வாங்கும்" என்று சொன்னவன் நான்தான். அடுத்த திங்கட்கிழமை வீட்டு ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துப் போட இருந்தாள்!

போனில் வந்தவர் சிவத்தின் கடை இருந்த அமெரிக்க மாநிலத்து வழக்கறிஞர். விற்ற பணம் வருமானம் அல்ல, அது மூலதனம், பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது. ரஞ்சிக்குக் கொடுக்க முடியாது என்றார்.

நான் விடவில்லை. நானும் ரஞ்சியும் ரொறன்ரோவில் இருக்கிறோமே, உங்கள் சட்டம் எதற்கு?

ஆள் எங்கே இருந்தால் என்ன, ட்ரஸ்டின் நிர்வாகம் எங்கே என்பதுதான் கேள்வி என்றார். அது அங்கேதான் என்று பத்திரத்தில் சிவமே எழுதியிருக்கிறான். பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அந்த மாநிலச் சட்டம்தான். ட்ரஸ்டியாகச் சம்மதித்த அன்றே நானும் அதற்குக் கட்டுப்பட்டுவிட்டேனாம்!

நான் கால்கூட வைக்காத மாநிலம் — ஒரு 'ஓம்' சொன்னதற்கு என்னைப் பிடித்துக் கட்டிவிட்டதா?

ரஞ்சியின் நம்பரை மூன்று தரம் அழுத்தி, மூன்று தரம் வைத்தேன். நாலாம் தரம் சொல்லிவிட்டேன்.

"அப்ப வீடு இல்லையோ அண்ணை?"

"இல்லை, ரஞ்சி. அந்தக் காசை முதலீடு செய்து வாற வருமானம்தான் உமக்கு."

சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு குரல்.

"ஆஸ்பத்திரியில இருக்கேக்க அவர் சொன்னவர் அண்ணை. 'நீ எதைக் கேட்டாலும் அவன் ஓம் எண்டுதான் சொல்லுவான். அதுதான் எல்லாத்தையும் சட்டத்தோட கட்டி வைச்சிருக்கிறன்' எண்டு."

சும்மா பேருக்குத்தான் என்று அவன் சொன்னது... உண்மையாகவே உண்மை!