பெயர் கொடுத்த முதல் ஆள்

தொண்ணூறுகளின் கடைசியில், டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அந்தக் கல்யாண இணையத்தளம் நடந்தது. புக்கிட் தெங்கா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அண்ணன் அதைத் தொடங்கியிருந்தார். நான் கூடமாட உதவி. வந்து பார்த்தவர்களின் எண்ணிக்கை பக்கத்தின் அடியில் தினமும் ஏறியது. நாங்களும் துள்ளிக் குதித்தோம், மடையர்கள்.

விளம்பரம் கொடுத்திருந்த நகைக்கடை முதலாளி ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எட்டிப் பாத்துட்டுப் போறவங்க எனக்கு எதுக்கு தம்பி? பேரு குடுத்து மெம்பரா சேந்தவங்க எங்க? தைப்பூசத்துக்குள்ள சேக்கலன்னா நான் வெலகிக்கிறேன்லா."

உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை. அவர் விலகினால் தளத்தை மூட வேண்டியதுதான். அண்ணனுக்குப் பழைய வேலையும் திரும்பக் கிடைக்காது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், மகளின் பெயரைக் கொடுக்கும்படி கேட்டேன்.

"தெனமும் பாக்குறேன்லா, யாரு வீட்டுப் பொண்ணு இருக்குன்னு. எம்மக பேரப் போட்டா, இன்னும் மாப்பிள்ள அமையலியான்னு கோயில்லயே கேப்பாங்க. வேற யாராச்சும் மொதல்ல போடட்டும்."

வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவள் அந்த வீட்டிலேயே இருந்தாள், நான்தான்.

"நான் ஒன்னைய கேக்கலம்மா," என்றார். கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நானே உட்கார்ந்து பெயர், வயது, நட்சத்திரம், படம் எல்லாம் போட்டேன். முருகா, ஊர் சிரிக்குமே என்றுதான் ஓடியது மனது.

மறுநாள் வந்து பார்த்தவர்களின் எண்ணிக்கை தாறுமாறாக எகிறியது. அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். மீன் வாங்கப் போன பாசாரில் ஒரு அம்மா, "ஒன் படத்த கம்ப்யூட்டர்ல பாத்தோமே!" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். வாங்காமலே திரும்பினேன். அதற்குப் பிறகு கோயிலுக்கும் போகவில்லை. தொலைபேசி மணி அடித்தாலும் எடுக்கவில்லை. உறுப்பினர் பக்கத்தில் இன்னமும் நான் மட்டும்தான் இருந்தேன்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். யார் என்ன கேட்க வந்திருக்கிறார்களோ என்று பயந்துகொண்டே திறந்தேன். பக்கத்து வீட்டு அக்கா நின்றார். கையில் மகளின் படம்.

"இந்தா, இவளையும் போடு. எத்தன நாளைக்குத்தான் நீ ஒத்தையா நிப்ப?"