அம்புக்குறி இல்லாத பாறை

ஸ்வீடனின் மால்மோ நகரில், தனியாகக் கணினி விளையாட்டு செய்கிறவர்களின் சங்கம் தோர்கெல் வெஸ்டர்லிண்டை இப்படி அறிமுகப்படுத்துகிறது: "அறிவியல் புதிர் விளையாட்டுகளின் முன்னோடி. சக படைப்பாளர்களின் வெற்றியைத் தன் வெற்றியாகக் கொண்டாடுபவர். நடுநிலை தவறாத சோதனையாளர்."

முன்னோடி என்பதை ஒத்துக்கொள்ளலாம். அவனுக்குப் பின்னால் வந்த எல்லாரும் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஆறு வருடம் உழைத்து அவன் செய்த, அணுக்களைப் பற்றிய புதிர் விளையாட்டில் ஒரு பிழையும் கிடையாது. அதுதான் அதன் பிழை. ஆடுகிறவர் எங்கே திகைத்து நின்றுவிடுவாரோ என்று பயந்து, ஒவ்வொரு புதிரின் ஓரத்திலும் மஞ்சள் அம்புக்குறி ஒன்றை வைத்திருந்தான். அம்பு காட்டிய இடத்தை எல்லாரும் அழுத்தினார்கள். பிறகு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

சங்கத்தின் பொது அறையில் அவனுக்கு எதிர்மேசை இல்வாவினுடையது. லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒன்றாக இயற்பியல் படித்தவர்கள். பரீட்சைக்கு முன் அவனிடம் குறிப்பு வாங்கிப் படித்தவள் அவள். இப்போது தன்னந்தனியாக, சூட்டையும் குளிரையும் வைத்து ஒரு புதிர் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தாள். அறைக்கு வருகிற போகிறவர்களெல்லாம் அவள் திரைக்கு முன்னால்தான் நின்றார்கள். அவனுடைய திரைக்கு முன்னால் நின்றது காப்பி இயந்திரத்துக்கான வரிசை மட்டும்.

"தோர்கெல், இந்த ஒரு புதிர மட்டும் ஆடிப் பாத்துச் சொல்லேன். இது நிக்குமா நிக்காதான்னு எனக்கே புரியல," என்றாள் இல்வா.

"ஏன், உன் ரசிகர் கூட்டம் என்ன ஆச்சு?"

"அவங்க எதைக் காட்டினாலும் ஆஹாம்பாங்க. நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டாவது உண்மையச் சொல்லுவ."

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர் மனதில் தோன்றுவதையெல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும்; செய்தவர் பின்னால் உட்கார்ந்து வாயே திறக்கக் கூடாது. இல்வா ஏலக்காய் ரொட்டி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு கதவு. அதை அடைத்துக்கொண்டு விரிசல் விழுந்த பாறை. பக்கத்தில் தண்ணீர் வாளி, சம்மட்டி, எரிகிற அடுப்பு. வெளியே பனி. அதற்கு முந்தைய கதவுகளெல்லாம் சூடேற்றினால் திறந்தன.

தோர்கெலுக்குப் பார்த்தவுடனேயே பிடிபட்டது. விரிசலில் தண்ணீரை ஊற்று, அடுப்பை அணை, சும்மா இரு. தண்ணீர் உறையும், உறைந்தால் பருக்கும், பாறை பிளக்கும். பால்கனியில் பீர் பாட்டிலை மறந்துவிட்டு உடைத்த எந்த ஸ்வீடன்காரனுக்கும் தெரிந்த இயற்பியல். ஆனால் யாரும் சொல்லித்தராமல் தன் தலையிலேயே முளைத்ததுபோல இருந்தது. சிரிப்புகூட எட்டிப் பார்த்தது. அப்படி முளைக்க வைத்தவள் இல்வா என்பது அடுத்த நொடியில் உறைத்தது. வயிறு எரிந்தது.

"ம்... சம்மட்டியால அடிச்சுப் பாக்கலாம்," என்றான் உரக்க.

அடித்தான். பிறகு பாறையைச் சூடாக்கினான். வாளியை அடுப்பில் கவிழ்த்தான்; விளையாட்டு வாளியை மறுபடி நிரப்பித் தந்ததும் அடுப்பைப் பற்றவைத்தான். உரக்க யோசிப்பது எளிது. உரக்கப் பொய்யாக யோசிப்பதற்குத்தான் மூளை வேண்டும். அரை மணி நேரம் ஓடியது. பின்னால் ரொட்டி தீர்ந்து, பெருமூச்சுகள் வந்தன.

"பெருமூச்சும் விடக் கூடாது. அதுவும் துப்புதான்," என்றான்.

"சரி, விடு," என்றாள் இல்வா. குரல் இறங்கியிருந்தது. "இதுதான் இருக்கறதுலயே நல்லதுன்னு நெனச்சேன். உனக்கே புரியலன்னா யாருக்குப் புரியும்? தூக்கிடறேன்."

தோர்கெலுக்கு உள்ளே ஒரு நிம்மதி, வெட்கங்கெட்ட நிம்மதி, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது.

"இல்ல, தூக்க மனசு வரல. ஒண்ணு பண்றேன். அடுப்பு மேல உன்னோடது மாதிரி ஒரு மஞ்சள் அம்பு வெச்சுடறேன். 'இதை அணை'ன்னு," என்றாள் இல்வா.

தோர்கெல் திரையைப் பார்த்தான். அந்தப் பனியின் நடுவே மஞ்சளாக ஓர் அம்பு. பொறாமைக்காரன்தான், ரசனை கெட்டவன் அல்ல.

"ஏய், இரு இரு. கையெடு."

வாளியைத் தூக்கி விரிசலில் ஊற்றினான். அடுப்பை அணைத்தான். கைகட்டி உட்கார்ந்தான். திரை நீலமானது. பாறை வாய்பிளந்தது.

இல்வா அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். "அடப்பாவி! அரை மணி நேரம் முட்டி மோதி, தானா கண்டுபிடிச்ச பாரு! இதுக்குத்தானே இந்தப் பாடு! கடைசிக் கதவா வைக்கிறேன் இத."

"கடைசியா எதுக்கு? அவ்வளவு கஷ்டமில்ல," என்றான் அவன். அன்று அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை. அவள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

பார்த்தவுடனே புரிந்த புதிரை, பொறாமையில், அரை மணி நேரம் புரியாததுபோல் நடித்தான் தோர்கெல். அம்பு வரப்போகிறது என்றதும் தீர்த்துக் காட்டினான். நடித்ததை இல்வாவிடம் சொல்லவில்லை.