ஒரு மணி நேரம் முன்னதாக

எனக்கு எதற்கும் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க மாட்டேன். வழிந்த பிறகு ஓடி வந்து துடைப்பேன். ரயில் ஆம்பூர் அவுட்டர் சிக்னலைத் தொடும் முன்பே வாசலில் போய் நின்றுகொள்வேன். "இந்தக்கா இறங்குற அவசரத்துலதான் வண்டியே நிக்குது" என்று பெண்கள் பெட்டியில் கேலி செய்வார்கள். கேலி செய்தால் செய்யட்டும், உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கும்.

எழுபதுகளின் கடைசி வருடங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூருக்கு சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வந்தேன். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. பெயருக்குத்தான் ஆபீஸ், ஜன்னலைத் திறந்தால் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழி நாற்றம் டைப் மெஷினில் வந்து உட்காரும். வேலை நிரந்தரமில்லை. வெளிநாட்டு ஆர்டர் ஜாஸ்தியானால் கூப்பிடுவார்கள், கம்மியானால் "சொல்லி அனுப்பறோம்" என்பார்கள்.

வாணியம்பாடியில் ஒரு நர்ஸ் ஏறுவாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் சாப்பாட்டுக் கூடை, வாயில் ஓயாத பேச்சு. காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போவாள். அவளுக்காக நான் சீட்டைப் பிடித்து வைப்பேன். அவள் உட்கார்ந்துகொள்வாள், நான் பக்கத்தில் நின்றுகொண்டே வருவேன்.

அவளிடம்கூட நான் ஒரு விஷயத்தைச் சொன்னதில்லை. என் கணவர் ரயில் இன்ஜின் டிரைவர். "வீட்டுக்காரர் இன்னா பண்றாரு?" என்று கேட்டபோது "கவர்மென்ட் வேலை" என்று மழுப்பிவிட்டேன். காரணம் இருந்தது. எழுபத்து நான்கில் வேலைநிறுத்தம் நடந்து நாடு முழுக்க ரயில் நின்றதே, அந்த மே மாதம் அவர் இன்ஜினில் கரி போடும் ஃபயர்மேனாக இருந்தார். அதில் சேர்ந்ததற்காக வேலை போனது, வேலூர் ஜெயிலில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குள் வாடகை வீட்டுக்கு வந்தோம். பிறகு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த நாட்களில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசிய பேச்சு என் காதைவிட்டுப் போகவில்லை. ரயில்காரன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பயம். வெட்கம் என்றும் சொல்லலாம்.

அவர் டிரைவராகி ஒரு வருடம் ஆனபோது இன்னொரு தகராறு ஆரம்பித்தது. இது வேலைநிறுத்தம் இல்லை. பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம்கூட ஓட்ட மாட்டோம் என்றார்கள் இன்ஜின்காரர்கள். அதற்கு முன்னால் பதினான்கு, பதினாறு மணி நேரமெல்லாம் சர்வசாதாரணம். கரி அள்ளிய கையோடு தூங்கி வழிந்துகொண்டு வீட்டுக்கு வருவார். சோற்றைப் பிசைந்தபடியே கண் மூடிவிடும். அதனால் கோரிக்கை நியாயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இன்ஜின் ஷெட்டில் போய்க் கையெழுத்துப் போடும் நேரத்திலிருந்து கணக்கு. பத்து மணி நேரம் முடிந்தால் எந்த ஸ்டேஷனோ அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார்கள். மாற்று ஆள் வரும்வரை பின்னால் வரும் வண்டிகளெல்லாம் வரிசையாக நிற்கும்.

எங்கள் பெட்டி கொதித்தது. நேரமானால் ஆம்பூரில் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள் என்று கம்பெனிப் பெண்கள் அழுதார்கள். நர்ஸ் ஒரு நாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நான் ஊசி போட்டுனு இருக்கும்போதே டைம் ஆச்சுன்னு பாதி ஊசியோட வீட்டுக்குப் போய்ட்டா ஒத்துப்பாங்களா? இவங்களுக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்?"

எல்லோரும் சிரித்தார்கள். "சரியாச் சொன்னே" என்று முதலில் தலையாட்டியவள் நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அட்டை வந்தது. பத்தாவது முடித்து டைப்பிங் பாஸ் செய்ததும் பதிந்து வைத்தது. தவறாமல் புதுப்பித்து, மறந்தும் போயிருந்தேன். வேலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட், நிரந்தர வேலை. காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், வராவிட்டால் பதிவு மூப்பில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. எனக்கு அடுத்த மாதம் முப்பது முடிகிறது. அப்புறம் வயது வரம்பு, அட்டையே வராது. இதை விட்டால் சாகும்வரை சுண்ணாம்பு நாற்றம்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே நான் நிலைகொள்ளவில்லை. சான்றிதழ்களை எடுத்துப் பார்ப்பேன், ஃபைலில் வைப்பேன், மறுபடி எடுப்பேன். அவர் பாயில் படுத்தபடி, "நாளைக்கு ட்ரெய்ன நம்பாத. விடிகாலைல பஸ்ல போய்டு" என்றார். பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுக்கிற உடம்பு எனக்கு. கசங்கின புடவையும் புளித்த வாயுமாக அதிகாரி முன்னால் போய் நிற்பதா? "வாரம் பூரா வண்டி ஒழுங்காத்தான் வந்துனு இருக்கு. உங்க ரயில நானே நம்பலைன்னா வேற யாருங்க நம்புவாங்க?" என்றேன். 

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஷெட்டிலிருந்து கால் மேன் நோட்டோடு வந்தார். டிரைவர்களை வீடு தேடி வந்து டூட்டிக்கு அழைக்கும் ஆள். பதினோரு மணிக்கு ஷெட்டில் கையெழுத்து, காட்பாடிப் பக்கம் ஒரு கூட்ஸ். நோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறதே என்று அவர் மறுபடி பாயில் சாய்ந்து பீடி பற்றவைத்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரே அறை வீடு. புடவைக்கு இஸ்திரி போட வேண்டும், ஃபைலை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், விளக்கை அணைத்துப் படுக்க வேண்டும். அவர் புகை விட்டுக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். "போறதுன்னா இப்பவே கிளம்புங்களேன். இங்க படுக்கறத ஷெட்ல போய் படுங்க. எனக்குப் பேஜாரா இருக்கு" என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டி, நான் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பெட்டியில் வைத்து, "சரி, வர்றேன். பத்திரமா போய்ட்டு வா" என்று சொல்லிப் போய்விட்டார். விட்டது சனி என்றுதான் நினைத்தேன்.

காலை வண்டி நேரத்துக்கு வந்தது. வாணியம்பாடியில் ஏறிய நர்ஸிடம் அட்டையைக் காட்டினேன். "அட, இனிமே காட்பாடி வரைக்கும் ஒண்ணாவே போலாம்க்கா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆம்பூரில் கம்பெனிப் பெண்கள் இறங்கிப் போனார்கள். நான் இறங்காமல் நின்றது அந்த ஒரு நாள்தான். வாசலில் நின்றபடி, பின்னால் போகிற தோல் கிடங்குகளைப் பார்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஆம்பூரைத் தாண்டி அடுத்த சின்ன ஸ்டேஷனுக்கு வெளியே வண்டி நின்றது. மணி எட்டு. ஐந்து நிமிஷம் பார்த்தேன். பத்து நிமிஷம் பார்த்தேன். முன் பெட்டிகளிலிருந்து ஆண்கள் இறங்கித் தண்டவாளத்தில் நடந்து போய்த் திரும்பி வந்தார்கள். முன்னால் ஒரு கூட்ஸ் மெயின் லைனிலேயே நிற்கிறதாம். வண்டிகள் ஒதுங்கி நிற்கிற லூப் லைனில் ஏற்கெனவே ஆளில்லாமல் ஒன்று நிற்கிறதாம். எட்டு மணியோடு டூட்டி முடிந்தது என்று டிரைவர் வண்டியை எடுக்க மறுக்கிறானாம்.

எனக்கு உடம்பெல்லாம் நெருப்பு. நாளைக்கு இருந்தால் என்ன, நேற்று இருந்தால் என்ன, இன்றைக்குத்தானா? ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்துவிட்டேன். "வா, அவன நாலு வார்த்த கேக்கலாம்" என்று நர்ஸையும் இழுத்தேன். ஜல்லியில் செருப்பு வழுக்க, ஆண்களையும் முந்திக்கொண்டு அந்த நீளமான கூட்ஸின் ஓரமாக நடந்தேன். போகும் வழியெல்லாம் திட்டினேன். "சோறு திங்கறவன்தானா இவன்? இவன் வீட்டுலயும் ஒருத்தி இப்டி வேலைக்கு ஓடுனா தெரியும்" என்று என் வாயாலேயே சொன்னேன்.

இன்ஜினை நாற்பது ஐம்பது பேர் சூழ்ந்திருந்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் நிமிர்ந்து பார்த்தேன். கரி அப்பிய முகத்தோடு இன்ஜின் வாசலில் நின்றுகொண்டிருந்தவர் என் கணவர்.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. எப்படி இவர்? பதினோரு மணிக்குக் கையெழுத்து என்றால் ஒன்பதுவரை ஓட்டலாமே? பக்கத்தில் ஒருவன் அவருடைய தாயையும் பெண்டாட்டியையும் சேர்த்து அசிங்கமாகத் திட்டினான். அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். இன்ஜினில் நீராவி இன்னும் இருந்தது, சத்தம் கேட்டது. அவருடைய ஒரு கை உள்ளே வண்டியைக் கிளப்பும் கம்பியைப் பிடித்தபடியே இருந்தது. நான் வாய் திறக்கக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

நான் திறக்கவில்லை. நர்ஸ் என் தோளை இடித்துக்கொண்டு நிற்கிறாள். இவ்வளவு தூரம் திட்டிக்கொண்டு வந்துவிட்டு இப்போது எப்படிச் சொல்வது? பால் பொங்கப் பொறுக்காதவள், பீடி அணையப் பொறுக்காதவள், அந்த இடத்தில் மட்டும் மரம்போல நின்றேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர்தான் பேசினார். யாரோ ஒரு பெண்ணிடம் பேசுவது போலப் பேசினார்.

"அம்மா, இங்க நிக்காதீங்க. மாத்து டிரைவர் வர நேரம் ஆகும். இந்தாண்ட இறங்கி ஆத்து மணல்ல நடந்தா மெட்ராஸ் ரோடு வரும். பஸ் கெடைக்கும், சீக்கிரம் போங்க."

"பரவால்லியே, மரியாதையாத்தான் பேசறான்" என்றாள் நர்ஸ்.

இரண்டு பேரும் பாலாற்றில் இறங்கி நடந்தோம். தோல் தொழிற்சாலைத் தண்ணீர் ஒரு ஓரமாக நுரைத்து ஓடியது, மீதி எல்லாம் மணல். கால் புதையப் புதைய நடந்து ரோட்டில் ஏறியபோது ஒன்பது தாண்டிவிட்டது. ரயில் கூட்டமெல்லாம் பஸ்ஸுக்கு வந்துவிட்டதால் ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. கடைசியில் ஒன்று நின்றது. படியில் தொங்காத குறையாக ஏறினோம். வாந்தி வரவில்லை, வருவதற்கும் இடமில்லை. வேலூரில் லாங் பஜார் பக்கம் கைவண்டிகளுக்கு நடுவில் பஸ் மாட்டிக்கொள்ள, நான் இறங்கி ஓடினேன்.

அலுவலகச் சுவரில் கடிகாரம் பதினொன்றேகால் காட்டியது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "மூணு தடவ பேர் கூப்பிட்டோம்மா. அடுத்தவங்கள எடுத்துட்டாங்க" என்றார். ரயில் நின்றுவிட்டது என்றேன். "எல்லாருக்கும்தாம்மா நின்னுச்சு. அந்தப் பொண்ணு நேத்தே வந்து சொந்தக்காரங்க வீட்ல தங்கிடுச்சு" என்றார். 

சாயங்காலம் வீட்டில் அவர் எனக்கு முன்னால் வந்து, குளித்து, சோறு வடித்து வைத்திருந்தார். நான் ஃபைலை மூலையில் எறிந்துவிட்டுக் கத்தினேன். "ஒன்பது மணி வரைக்கும் டைம் இருக்கே, எட்டு மணிக்கு எதுக்குங்க நிறுத்துனீங்க? என்னைக் கெடுக்கணும்னேவா?"

அவர் தட்டை எடுத்து வைத்தபடி மெதுவாகச் சொன்னார். "பத்து மணிக்கே ஷெட்டுக்குப் போய்ட்டேன். முன்னாடியே வந்துட்டீங்களே, வண்டி ரெடியாதான் இருக்கு, இப்பவே கையெழுத்து போட்டு எடுங்கன்னாங்க. போட்டுட்டேன். ஆனா லைன் கெடைச்சு வண்டி கெளம்பறதுக்கு விடிகாலை ஆய்டுச்சு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரம் கையில் இருந்திருந்தால் குடியாத்தம் போய் லூப்பில் ஒதுங்கியிருப்பார். என் வண்டி தாண்டிப் போயிருக்கும். பாயிலிருந்து அவரை விரட்டியது நான்தான். அவர் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அப்புறம் எத்தனையோ சண்டைகளிலும் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

வேறொன்று சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சங்கத்துல என்னைக் காறித் துப்பியிருப்பாங்க. இருந்தாலும் நீ வாயத் தொறந்து, இன்னாங்க, எடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வேலை போனது வலித்தது. இது வேறு மாதிரி வலித்தது.

மறுநாள் காலை அதே பெட்டி. வாணியம்பாடியில் நர்ஸ் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த பெண்களிடம் நேற்றைய கதையை விஸ்தாரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். இன்ஜினில் நின்ற அந்த டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாள். நான் வாசலிலிருந்து நடந்து வந்து அவள் எதிரில் நின்றேன்.

"அவர் என் வீட்டுக்காரர்" என்றேன்.

 அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாக்கா சொல்றே? நேத்து அவர் எதிர்லதானே நின்னே? அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

அதைத்தான் ராத்திரி முழுக்க நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். ஆம்பூர் வரும்வரை வாசலுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.