சீனா மேசைக்குப் போன சௌமீன்

அந்த அண்ணையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய நோர்பரியில், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் திருநாள் பூசை முடிய, மண்டபத்தில் சாப்பாட்டு மேசைகள் போடுவார்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நாட்டுக் கொடி. கோயிலில் எனக்கு முன் வாங்கில் உட்காரும் அம்மா ஜமேக்காக்காரி. அவரின் கணவர் கிங்ஸ்டனில் பிறந்த சீன வம்சத்தவர்; சீனாவைக் கண்ணாலும் கண்டதில்லை. ஜமேக்கா மேசைக்கு வருடா வருடம் கணவர்தான் சௌமீன் செய்வார். கோவா என்கிற முட்டைக்கோஸ், கரட், கோழி போட்டு, சோயா சோஸோடு தைம் இலையும் அந்த ஊர்க் குண்டு மிளகாயும் சேர்த்துப் பெருநெருப்பில் பிரட்டிய நூடில்ஸ். நாக்கு எரிந்தாலும் கை திரும்பப் போகும்.

போன வருடம் மாசியில் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் திருநாளுக்கு அம்மா முதல் தடவையாகத் தானே சமைத்துக்கொண்டு வந்தார். “அவருடைய கைப்பக்குவம் வந்திருக்கிறதா, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லு” என்று என்னிடம் மூடியைத் திறந்தார்.

அப்போதுதான் ஏற்பாட்டுக்குழுத் தலைவரான எங்கள் யாழ்ப்பாணத்து அண்ணை வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டுபோய், கழிவறைக் கதவோரம் சீனக் கொடி குத்தியிருந்த மேசையில் வைத்தார். அந்த மேசைக்கு ஆளே இல்லை. கடையில் வாங்கிய இறால் அப்பளப் பைக்கற் ஒன்றுதான் கிடந்தது.

“என்னண்ணை செய்யிறியள்? அது அவவின்ரை சாப்பாடு.”

“சௌமீன் எண்டால் சைனீஸ், தங்கச்சி. ஜமேக்காக்காரர் சுட்ட கோழியெல்லோ கொண்டுவரவேணும். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு.”

முறையாம் முறை! சொல்லும்போது அவர் வாய் நிறைய எங்கள் நாட்டு மேசை மட்டன் ரோல்ஸ். கொழும்புப் பேக்கரிகளில் அதற்குச் சைனீஸ் ரோல்ஸ் என்றுதானே பெயர்? தான் மெல்லுவது எந்த ஊர் என்று தெரியாதவர், அடுத்தவர் தட்டுக்கு ஊர் பிரிக்க வந்துவிட்டார். அம்மா வெறும் மூடியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

எங்கள் ரோல்ஸ் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ச் சௌமீனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“உமக்கென்ன விசரே? அது எங்கடை சாப்பாடு!”

“ஓம் அண்ணை. இது எங்கடை எண்டால் அது அவவின்ரை. வந்தால் ரெண்டும் வரும். இல்லாட்டி ரெண்டும் இஞ்சையே கிடக்கும்.”

ரோல்ஸைத் தேடி வந்த தமிழ்ச் சனம் கழிவறை வாசலில் வரிசை கட்டியது. ஆளுக்காள் அண்ணையைப் பிடித்துக் கேட்டார்கள். கடைசியில் அவரே இரண்டு தட்டையும் சுமந்து வந்து, சௌமீனை ஜமேக்கா கொடிக்குக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை.

நான் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டேன். உப்பு நன்றாகக் கூடிவிட்டது.

“அவருடையதேதான்” என்றேன்.

“பொய் சொல்லாதே. அவர் இவ்வளவு உப்புப் போடமாட்டார்” என்று சிரித்த அம்மா, அப்படியே அழத் தொடங்கினார்.